மாட்டு வண்டியில் நூலகம் நடத்த முடியுமா?

காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் ஊராட்சி ஒன்றியப் பள்ளியொன்றில் பணியாற்றும் ஆசிரியை ஒருவர் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். ஒட்டகத்தின் மீதும் கழுதையின் மீதும் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு போகும் நூலகங்களின் படங்கள் அவ்வப்போது கண்ணில் படுகின்றனவே, அவை உண்மையில் எப்படி நடக்கின்றன, எத்தனை காலம் தாக்குப்பிடிக்கின்றன என்பது முதல் கேள்வி. கொள்ளிடக் கரையிலுள்ள ஐந்தாறு சிற்றூர்களுக்கு ஒரு மாட்டு வண்டி நூலகம் தொடங்கினால் அது நிலைக்குமா என்பது இரண்டாவது. கடலூர் மாவட்டத்தின் கிளை நூலகங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது திருப்பாதிரிப்புலியூரில் வசிப்பவன் நான். எனவே முதல் கேள்விக்குப் படித்தறிந்ததையும், இரண்டாவது கேள்விக்குப் பட்டறிந்ததையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

சுருக்கமான விடை இதுதான்: முடியும். ஆனால் இத்தகைய நூலகங்களில் எது நின்றது, எது நின்றுபோனது என்று பார்த்தால், அதைத் தீர்மானித்தது பெரும்பாலும் விலங்கு அல்ல, அந்த விலங்கை ஓட்டிக்கொண்டு குறித்த நாளில் மறுபடியும் வருகிற ஆளுக்குச் சம்பளம் யார் கொடுத்தார்கள் என்பதுதான். விலங்கு தீர்மானிப்பது வேறொன்றை. எத்தனை புத்தகம், எந்தப் புத்தகம் என்பது அதன் முதுகைப் பொறுத்தது.

தொலைதூர நாடுகளுக்குப் போவதற்கு முன்னால் மன்னார்குடிக்குப் போவோம். 1931 அக்டோபரில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டு வண்டியில் ஒரு நடமாடும் நூலகம் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியவர் கனகசபைப் பிள்ளை என்னும் ஓய்வு பெற்ற பொறியாளர். அதே ஆண்டில்தான் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். நூல்கள் பயன்பாட்டுக்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்று போகும் அந்த விதிகளைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவர்கள் எங்களில் ஏராளம். ஆனால் நூலகத்துக்கு வர முடியாத வாசகரிடம் நூலகம்தான் போக வேண்டும் என்று அவ்விதிகளுக்குள் அடங்கியிருக்கும் பொருளை, பாடத்தைவிட அந்த வண்டிதான் எனக்குத் தெளிவாகச் சொன்னது. 1928-இல் அமைந்த சென்னை நூலகச் சங்கம் இந்த எண்ணத்தைப் பரப்பியது. பரோடா சமஸ்தானத்தில் அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் முன்பே புத்தகப் பெட்டிகளை ஊர் ஊராக அனுப்பிவைக்கும் முறை இருந்தது. ஆனால் பெட்டி போவது வேறு, பெட்டியோடு புத்தகம் தெரிந்த ஒருவர் போவது வேறு.

மன்னார்குடியில் ஏன் மாட்டு வண்டி என்று கேட்க வேண்டியதே இல்லை. டெல்டாவின் களிமண் பாதையில் அன்றைக்கு வேறு எதுவும் போகாது. உம்பளச்சேரி மாடு அந்தச் சேற்றுக்கென்றே வளர்ந்த இனம். நெல் மூட்டை, வைக்கோல், மணப்பெண், பிரசவ வலி கண்டவள் என்று எல்லாரையும் எல்லாவற்றையும் சுமந்துகொண்டிருந்த வண்டியில் புத்தகமும் ஏறியது, அவ்வளவுதான். அது வேடிக்கைக்காகச் செய்ததும் அல்ல, விளம்பரத்துக்காகச் செய்ததும் அல்ல. இந்த இடத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பிறகு இங்கே திரும்பி வருவோம்.

இப்போது அமெரிக்காவின் கென்டக்கி மலைப்பகுதி. விலங்கு நூலகங்களில் நான் மிகவும் கூர்ந்து படித்தது இதைத்தான், ஏனென்றால் நூலக ஊழியனுடைய கண்ணில் இதுதான் முழுமையான திட்டம். 1913-இல் பெயின்ட்ஸ்வில் என்னும் ஊரில் குதிரையில் புத்தகம் கொண்டுபோகும் வேலையை ஒரு பெண்மணி தொடங்கினார். நிலக்கரிச் சுரங்க முதலாளி ஒருவர் பணம் கொடுத்தார். மறு ஆண்டே அவர் இறந்துபோனார், நூலகமும் அவரோடு போயிற்று. இருபது ஆண்டுகள் கழித்துப் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்கும் மத்திய அரசுத் திட்டத்தின் கீழ் அதே எண்ணம் 1935-இல் மீண்டும் உயிர்பெற்று 1943 வரை நடந்தது. நம்முடைய நூறு நாள் வேலையைப் போன்ற திட்டம் என்று வைத்துக்கொண்டால் எளிதில் புரியும். வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அந்தந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். மாதச் சம்பளம் 28 டாலர். குதிரையையோ கோவேறு கழுதையையோ அவர்களே சொந்தமாகவோ வாடகைக்கோ கொண்டுவர வேண்டும். அரசு கொடுத்தது சம்பளம் மட்டும்தான். புத்தகமும் அதை வைக்கும் இடமும் உள்ளூர்க்காரர்களின் பொறுப்பு.

அவர்களில் சிலர் வாரத்துக்கு 100 மைலுக்கும் மேல் ஓடைகளின் வழியாகவும் சரிவுகளின் வழியாகவும் சவாரி செய்தார்கள். சரிவில் உருண்டுவிடாமல் இருக்கத் தம் குதிரைகளுக்கு ஒரு பக்கத்துக் கால்கள் மட்டும் குட்டையாக இருக்கின்றன என்று அவர்களில் ஒருவர் வேடிக்கையாகச் சொன்னாராம். புத்தகங்கள் பெரும்பாலும் நன்கொடையாக வந்த பழையவை. கிழிந்துபோனவற்றை அவர்கள் தூக்கி எறியவில்லை. பழைய பத்திரிகைகளிலிருந்து சமையல் குறிப்பு, தையல் மாதிரி, கதை, படம் ஆகியவற்றை வெட்டி ஒட்டித் தாங்களே தொகுப்பேடுகள் தைத்தார்கள். மலைவீட்டுப் பெண்கள் அவற்றை விரும்பிக் கேட்டு வாங்கினார்கள். இந்த வீட்டில் ஒருவர் கொடுத்த குறிப்பு அடுத்த மலையின் வீட்டுக்குப் போயிற்று. பக்க முனையை மடிக்காமல் இருக்கப் பழைய கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளை அடையாளத்துக்கு வைத்துக் கொடுத்தார்கள். நானும் பொங்கல் வாழ்த்து அட்டைகளை அப்படியே பயன்படுத்தினேன், அவர்களைப் பற்றிப் படிப்பதற்கு முன்பே. நூலகர் குலத்துக்கு எங்கும் ஒரே புத்திதான் போலும். 1943-இல் அந்த வேலைத் திட்டம் முடிவுக்கு வந்தது, சம்பளம் நின்றது, குதிரை நூலகமும் நின்றது. குதிரைகள் அப்படியே இருந்தன, பாதைகளும் அப்படியே இருந்தன, படிக்கக் காத்திருந்தவர்களும் இருந்தார்கள்.

கென்யாவின் கதை இதற்கு நேர் எதிரானது. வடகிழக்கிலுள்ள கரிசாவில் 1996 அக்டோபரில் கென்ய தேசிய நூலகச் சேவை மூன்று ஒட்டகங்களுடன் ஒரு நூலகத்தைத் தொடங்கியது. பின்னர் ஒட்டகங்களின் எண்ணிக்கை கூடியது, வஜீர் என்னும் ஊருக்கும் அது பரவியது. அங்கே வாழ்பவர்கள் பெரும்பாலும் சோமாலி மொழி பேசும் மேய்ச்சல்காரர்கள். தண்ணீரும் புல்லும் இருக்கும் திசையில் குடும்பத்தோடு நகர்ந்துகொண்டே இருப்பவர்களுக்குக் கட்டடத்தில் நூலகம் வைத்துப் பயனில்லை. மணலில் வண்டிச் சக்கரம் புதையும், ஒட்டகத்தின் அகன்ற பாதம் புதையாது. ஓர் ஒட்டகத்தின் இரு பக்கமும் இரண்டு புத்தகப் பெட்டிகள் தொங்கும், இன்னொன்று கூடாரத்தைச் சுமக்கும். நிழலுள்ள இடமாகப் பார்த்துக் கூடாரம் அடித்து, பாய் விரித்து, பெட்டியைத் திறந்துவைத்தால் அதுவே அலமாரி, அதுவே நூலகம். இரண்டு வாரம் கழித்து அதே இடத்துக்கு ஒட்டகம் மீண்டும் வரும். இங்கே கவனிக்க வேண்டியது, இந்த ஒட்டகங்களை ஓட்டியவர்கள் ஓர் அரசுத் துறையின் ஊழியர்கள் என்பது. நம்மூர் மாவட்ட நூலக ஆணைக்குழு ஒட்டகம் வாங்கிக் கணக்கெழுதி, அதற்குத் தீவனச் செலவையும் தணிக்கைக்குக் காட்டுகிறது என்று கற்பனை செய்துபாருங்கள். சிரிப்பு வருகிறது அல்லவா? ஆனால் அதனால்தான் அது ஆண்டுக்கணக்கில் நடந்தது.

கொலம்பியாவின் லூயிஸ் சொரியானோவைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். மக்தலேனா பகுதியில் லா குளோரியா என்னும் ஊரில் அவரும் உங்களைப் போல ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். வீட்டில் புத்தகமே இல்லாத பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுத்துப் பயனில்லை என்று கண்டு, தொண்ணூறுகளின் இறுதியில் தம்மிடமிருந்த 70 புத்தகங்களை இரண்டு கழுதைகளில் ஏற்றிக்கொண்டு வார இறுதிகளில் மலைப்பாதையில் புறப்பட்டார். கழுதைகளின் பெயர் ஆல்ஃபா, பெத்தோ. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் ஸ்பானிய மொழியில் நெடுங்கணக்கு என்று பொருள், நாம் அரிச்சுவடி என்போமே, அது. வானொலியிலும் பத்திரிகையிலும் செய்தி வெளிவந்த பின் நன்கொடைகள் வந்தன, புத்தகங்கள் ஆயிரக்கணக்காயின, ஊரில் நிலையான நூலகமும் கட்டப்பட்டது. எல்லாரும் கொண்டாடும் கதை இது, நானும் கொண்டாடுகிறேன். ஆனால் அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வழியில் கொள்ளையர்கள் அவரை மறித்து, பணம் இல்லையென்று கண்டு கட்டிப்போட்டார்கள். பின்னொரு விபத்தில் ஒரு காலை இழந்தார். பல ஆண்டுகள் அந்த நூலகம் முழுவதும் ஒரே ஒரு மனிதரின் உடம்பின் மீது நின்றது. நீங்களும் சனி ஞாயிறுகளில் தனியாகவே செய்துவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

மற்றவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். எத்தியோப்பியாவின் ஹவாசாவில் கழுதை இழுக்கும் வண்டியில் சிறுவர் நூலகம் நடந்தது. ஜிம்பாப்வேயின் நிகாயி பகுதியில் கழுதை வண்டியின் கூரையில் சூரிய மின்தகடு பொருத்தி, புத்தகத்தோடு படமும் காட்டினார்கள். அங்கே கழுதைகளைப் பராமரிக்கும் பொறுப்பை ஊர் மக்களே ஏற்றுக்கொண்டது கவனிக்கத்தக்கது. மங்கோலியாவில் தஷ்தோந்தொக் என்னும் சிறுவர் எழுத்தாளர் ஒட்டகம், குதிரை வண்டி, மோட்டார் வண்டி என்று கிடைத்ததிலெல்லாம் புத்தகம் ஏற்றிப் புல்வெளியெங்கும் சுற்றினார். ஜாவாவில் சுலாமெட் மலையடிவாரத்தில் குதிரைகளைப் பராமரித்துப் பிழைத்த ஒருவர் அவற்றில் ஒன்றையே நூலகமாக்கினார். வடதாய்லாந்தின் ஒம்கொய் பகுதியில் யானைகள்கூடப் புத்தகம் சுமந்திருக்கின்றன. 2020-இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டிருந்தபோது பாகிஸ்தானின் பலுசிஸ்தானத்தில் மண்ட் என்னும் ஊரைச் சுற்றி ரோஷன் என்ற ஒட்டகம் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொண்டுபோயிற்று. 2023 முதல் நம் நாட்டிலேயே நைனிதால் மாவட்டத்தின் கோட்டாபாக் பகுதியில் மழையால் பாதை துண்டிக்கப்படும் மலைக்கிராமங்களுக்குக் குதிரை நூலகம் போகிறது. இத்தனையிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. எந்த ஊரிலும் புத்தகத்துக்கென்று புதிய விலங்கைக் கொண்டுவந்து பழக்கவில்லை, அந்தப் பாதையில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த விலங்கின் மீதுதான் ஏற்றினார்கள்.

இனி சுமைக் கணக்கு. இது உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். நம் நாட்டில் 1965-இல் வந்த இழுவை, பொதி விலங்குகள் கொடுமைத் தடுப்பு விதிகள் என்று ஒன்று உண்டு. அதன்படி கழுதையின் முதுகில் 50 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது, சிறிய காளையின் முதுகில் 100 கிலோ, ஒட்டகத்துக்கு 250 கிலோ. ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேலும், இடைவிடாமல் ஐந்து மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது. வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் வேலையே வாங்கக் கூடாது. கடலூர், விருத்தாசலம் பக்கத்துச் சித்திரை வைகாசி வெயிலை அனுபவித்தவர்களுக்கு இந்த விதியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கழுதையை எடுத்துக்கொள்ளுங்கள். 50 கிலோவில் சேணம், இரண்டு பைகள், மழைக்குத் தார்ப்பாய் ஆகியவற்றுக்கு 8 கிலோ போனால் மீதி 42. ஒரு நாவல் சராசரி 350 கிராம் என்றால் 120 நாவல்கள். 100 கிராம் எடையுள்ள மெல்லிய சிறுவர் படப் புத்தகம் என்றால் சுமார் 400. கலந்து வைத்தால் 60 நாவலும் 200 சிறுவர் நூலும். அலமாரியில் ஐயாயிரம் நூல்களை வைத்துக்கொண்டு யார் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பது எளிது. அறுபதுக்குள் ஓர் ஊரின் விருப்பத்தை அடக்குவது அப்படியல்ல. கலைக்களஞ்சியம் ஏறாது. கெட்டி அட்டை போட்ட தொகுதிகள் ஏறா. போட்டித் தேர்வு வழிகாட்டிகளைக் கேட்டு இளைஞர்கள் நச்சரிப்பார்கள், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். கூடவே நம்மூரில் இன்னொரு சிக்கல்: சுவரொட்டியைக் கிழித்துத் தின்று வளர்ந்த கழுதையிடம் புத்தகத்தை நம்பி ஒப்படைப்பது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். காகித வாசனை அதற்கு மிக நன்றாகவே தெரியும்.

மாட்டு வண்டியில் எடைச் சிக்கல் பெரிதாக இல்லை. டயர் வண்டியில் 600 புத்தகம், பெட்டிகளோடு சேர்த்து, நெல் ஏற்றுகிறவருக்கு ஒரு பொருட்டே அல்ல. அங்கே சிக்கல் வேகமும் அதிர்ச்சியும். பாரம் ஏற்றிய வண்டி மணிக்கு மூன்று அல்லது நான்கு கிலோமீட்டர் போகும். ஒரு நாளில் இரண்டு ஊருக்கு மேல் திட்டமிட வேண்டாம். குண்டும் குழியுமான பாதையில் நிறுத்திவைத்த புத்தகங்கள் ஒன்றோடொன்று உராய்ந்து, மூன்றே மாதத்தில் முதுகுப்பகுதி பிய்ந்துவிடும். ஆகவே பெட்டியில் புத்தகங்களைப் படுக்கை வாட்டத்தில், முதுகு மாறி மாறி வரும்படி, இடைவெளி இல்லாமல் அடுக்குங்கள். அடியில் வைக்கோல் வேண்டாம், அதில் பூச்சி வரும். பழைய சாக்கை மடித்துப் போட்டாலே போதும். தகரப் பெட்டி மழைக்கு நல்லது, ஆனால் வெயிலில் அடுப்பாகிவிடும், அட்டையின் பசை உருகி ஒட்டிக்கொள்ளும். மெல்லிய பலகைப் பெட்டியின் மேல் தார்ப்பாய் போடுவதே என் அனுபவத்தில் சரிப்பட்டது.

நண்பகல் விதியைத் தடையாக எண்ண வேண்டாம். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு, பத்து மணிக்குள் ஊரை அடைந்து, மாட்டை அவிழ்த்து மரத்தடியில் கட்டித் தண்ணீர் காட்டிவிட்டால், மாடு அசைபோடும் நேரமெல்லாம் நூலக நேரம். நடவும் களையெடுப்பும் முடிந்து பெண்கள் வீடு திரும்புவதும், நூறு நாள் வேலையில் இருப்பவர்கள் நிழலுக்கு ஒதுங்குவதும் ஏறக்குறைய அந்நேரம்தான். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு நான்கு மணிக்கு மேல் ஒரு மணி நேரம். அதன் பிறகு வண்டி திரும்பட்டும். வேனில் போகும் நூலகம் ஓர் ஊரில் அரை மணி நேரம் நிற்கும், ஓட்டுநர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். மாடு அந்த அவசரத்தை அனுமதிப்பதில்லை. மாட்டு வண்டிக்கு ஆதரவாக நான் காணும் மிகப் பெரிய நியாயம் இதுதான்.

இனி உங்கள் ஊர்களுக்கு வருவோம். திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடி, அக்கரை ஜெயங்கொண்டபட்டினம் முதலிய ஊர்களை நீங்கள் குறிப்பிட்டிருக்கிறீர்கள். மேட்டூர் நிரம்பி, முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் உபரிநீர் திறக்கும் ஆண்டுகளில் அவை தீவுகளாகிவிடும். அந்த நாட்களில் அங்கே வண்டியும் போகாது, மாடும் போகாது, படகுதான் போகும். மழை நாட்களுக்குப் படகுக்காரர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். வங்கதேசத்தில் வெள்ளம் சூழும் ஊர்களுக்குப் படகிலேயே பள்ளியும் நூலகமும் நடத்துகிறார்கள், அது நமக்குப் புதிய யோசனை அல்ல. வெள்ளம் இல்லாத மாதங்களில் அதே ஊர்களுக்குத் தார்ச்சாலையோ மண்சாலையோ உண்டு, டிவிஎஸ் எக்ஸ்எல் போகாத இடம் கிட்டத்தட்ட இல்லை. உண்மையைச் சொன்னால், இன்றைய கடலூர் மாவட்டத்தில் கழுதையின் வேலையையும் மாட்டின் வேலையையும் ஏற்றுக்கொண்டிருப்பது அந்த வண்டிதான். மீன் கூடை, பால் கேன், புல்லுக்கட்டு, கூடவே மூன்று பேர். மேலவாசலில் 1931-இல் மாட்டு வண்டி எதுவாக இருந்ததோ அதுவாக இன்று இருப்பது எக்ஸ்எல்.

அப்படியானால் மாட்டு வண்டி வேண்டாமா என்று கேட்பீர்கள். உங்கள் ஊர்களில் இன்னும் வண்டி மாடு வைத்துப் பிழைப்பவர்கள் யாரேனும் இருந்து, வாரத்தில் இரண்டு நாள் அவருடைய வண்டி சும்மா நிற்குமானால், தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அது வருமானம், உங்களுக்கு அது வெறும் கூலிச் செலவு. நூலகத்துக்கென்று ஒரு ஜோடி மாடு வாங்கி, தவிடு, புண்ணாக்கு, வைக்கோல், லாடம், கால்நடை மருத்துவர் என்று செலவைத் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். அந்தப் பணத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு ஓர் ஆளுக்குப் பகுதி நேரச் சம்பளம் கொடுக்கலாம். மாட்டு வண்டி வந்தால் பிள்ளைகள் ஓடி வருவார்கள் என்பது உண்மை. கழுத்து மணிச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் வீட்டுக்கு வீடு தலை எட்டிப்பார்க்கும். ஆனால் மூன்றாவது முறையும் அவர்கள் ஓடி வருவது மாட்டுக்காக அல்ல, போன முறை பாதியில் விட்ட கதைக்காக.

ஆளைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் பணியில் இருந்த காலத்தில் ஓர் அமைப்பு, பெயர் வேண்டாம், ஒரு வட்டாரத்தில் நன்கொடை வேன் ஒன்றில் நடமாடும் நூலகம் தொடங்கியது. தொடக்க விழாவில் மேளம் வைத்தார்கள். ஏழெட்டு மாதம் வந்தது, பிறகு வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் அந்த ஊர்களில் சொல்லவும் இல்லை. மூன்று ஆண்டுகள் கழித்து என் கிளை நூலகத்துக்கு நடுத்தர வயதுப் பெண் ஒருவர் வந்தார். மஞ்சப்பைக்குள் இன்னொரு பிளாஸ்டிக் பை, அதற்குள் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்ட ஒரு சிறுவர் கதைப் புத்தகம். மகள் எடுத்ததாம், வேன் வரும் வரும் என்று பார்த்து வைத்திருந்தார்களாம், மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாளாம். "கவருமெண்டு பொருளு, வீட்டுல வெச்சிருந்தா தப்பு இல்லீங்களா" என்றார். அது எங்கள் நூலகத்து நூல் அல்ல என்று சொல்லிப் பார்த்தேன், அவர் கேட்கவில்லை. வாங்கி வைத்துக்கொண்டேன். நன்கொடைப் பதிவேட்டில் ஏற்றினேன். அபராதம் எவ்வளவு என்று அவர் கேட்டபோதுதான் எனக்குச் சங்கடமாகிவிட்டது. கடன் அந்தப் பெண்ணுடையது அல்லவே.

ஆகவே செலவுத் திட்டத்தை ஆளிலிருந்து தொடங்குங்கள். அந்த ஊர்களில் ஏதேனும் ஒன்றில் வசிக்கும், பன்னிரண்டாம் வகுப்பு வரையாவது படித்த, ஊருக்குள் வீடு வீடாகப் போகத் தயங்காத ஒரு பெண்ணுக்கு, வாரத்தில் இரண்டு நாளைக்கு நியாயமான கூலி, இரண்டு ஆண்டுகளுக்கு. அந்தத் தொகை கையில் வரும் வரை புத்தகம் சேர்க்கவே வேண்டாம். புத்தகம் கேட்டால் மூட்டை மூட்டையாகக் கொடுப்பார்கள், பாதி பழைய பாடநூலும் ஜோதிடமுமாக இருக்கும். அருகிலுள்ள கிளை நூலகத்தோடு முதலிலேயே பேசுங்கள். 1948-இலேயே பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் இது, சொத்து வரியோடு நூலக வரியும் கட்டிக்கொண்டிருக்கிறோம். நூலக நண்பர்கள் என்று தன்னார்வலர்கள் வழியாக வீட்டுக்கே புத்தகம் அனுப்பும் திட்டமும் இருக்கிறது. உங்கள் வண்டி அந்த நூலகத்தின் நூல்களையே சுமந்து சென்றால், நீங்கள் ஒருநாள் நிறுத்த நேர்ந்தாலும் புத்தகத்தைத் திருப்பித் தர ஓரிடம் ஊராருக்கு இருக்கும். புதுச்சேரிக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால், 1827-இல் தொடங்கிய ரோமன் ரோலண்டு நூலகத்துக்கும் போய் வாருங்கள். அவர்கள் நடமாடும் நூலகம் நடத்திய அனுபவம் உள்ளவர்கள், கேட்டுத் தெரிந்துகொள்ள நிறைய இருக்கும்.

காப்புத்தொகை வாங்காதீர்கள். ஐம்பது ரூபாய் கேட்டாலும் கேட்ட வீட்டுப் பிள்ளை அடுத்த முறை வண்டிப் பக்கமே வராது. நூற்றுக்கு நான்கைந்து புத்தகம் திரும்பாமல் போகும் என்று முதலிலேயே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவேடு ஒன்று போதும்: பெயர், வீட்டு அடையாளம், நூல் எண், கொடுத்த நாள். கையெழுத்துப் போடத் தெரியாதவரின் பெயரை நீங்களே எழுதுங்கள், மை தடவிக் கைநாட்டு வாங்கும் வேலை வேண்டாம். அது ரேஷன் கடையை நினைவுபடுத்தும். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு எடுத்துப்போகும் பேரப்பிள்ளை படித்துக் காட்டட்டும், பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களை அதற்கென்றே தனியாக வைத்திருங்கள்.

நனைந்த புத்தகங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு நாங்கள் கற்றது: வெயிலில் விரிக்காதீர்கள், அட்டை வில்லாக வளைந்துவிடும். நிழலில் நிறுத்தி, விசிறி போல விரித்து, பத்துப் பக்கத்துக்கு ஒன்றாகச் செய்தித்தாளைச் செருகி, மணிக்கு ஒரு முறை தாளை மாற்றிக்கொண்டே இருங்கள். வழவழப்பான தாளில் அச்சிட்ட படப் புத்தகம் நனைந்தால் ஈரம் காயும் முன்பே பக்கங்களைப் பிரித்துவிட வேண்டும், காய்ந்த பிறகு பிரித்தால் படத்தோடு கிழியும்.

கால அட்டவணையை ஊர்ப் பொதுச் சுவரில் பெயின்டால் எழுதிவையுங்கள், தாளில் ஒட்டினால் ஆடு தின்றுவிடும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அதே கிழமை, அதே மரத்தடி. வண்டிக்காரருக்கு முதல் மாதக் கூலியை முன்பணமாகவே கொடுத்துவிடுங்கள். மாட்டுப் பொங்கலன்றும் மறுநாளும் வண்டி வராது என்பதையும் அந்தச் சுவரிலேயே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் புத்தகத்தை வைத்துக்கொண்டு மரத்தடியில் காத்திருக்கும்.